உம்மாவின் பெயரில்

ருசியாவிலிருந்து என் தமையன் ஜவாத் காக்காவின் முதல் கடிதம் வந்த அன்று உம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. கையில் செதிள் ஒட்டியபடியே ஓடிவந்து என் முன்னால் குந்திக்கொண்டு, "வாசி மகள், கெதியா வாசி" என்றா.

நான் உறையை மெதுவாகக் கிழித்தேன். எனக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவருடைய மூக்குக்கண்ணாடி எப்போதும் கல்முனை பசாரில் உள்ள எங்கள் சைக்கிள் சாமான் கடையிலேயே கிடக்கும். காலையில் போனால் இரவு இஷாத் தொழுகைக்குத்தான் சாய்ந்தமருதுக்குத் திரும்பி வருவார். "மகன் என்னவாம்?" என்று உம்மாவிடம் கேட்பதோடு அவருடைய கடித வாசிப்பு முடிந்துவிடும். ஆகவே ஜவாத் காக்காவின் கடிதத்தை வாசித்துச் சொல்லவும், உம்மா சொல்லும் பதிலை எழுதவும் வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட நான்.

கடிதம் இப்படித் தொடங்கியது: "உம்மா, இங்கே என்னால் இருக்க ஏலாது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஜன்னல் இடுக்கெல்லாம் கடதாசி ஒட்டியும் குளிர் உள்ளே வருகிறது. எது ஹலால், எது ஹராம் என்று கேட்கக்கூட எனக்கு மொழி தெரியாது. இரண்டு மாதமாக உருளைக்கிழங்கும் முட்டையும்தான். வகுப்பில் டீச்சர் என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறா. நான் முழிக்கிறேன், எல்லாரும் சிரிக்கிறார்கள். வா என்று ஒரு சொல் எழுதுங்கள், வந்துவிடுகிறேன். வாப்பாவிடம் கதையுங்கள்."

நான் கடதாசியைப் பார்த்தபடி வாசித்தேன்: "உம்மா, நான் இஞ்ச நல்ல சுகமா இருக்கன். குளிர் கொஞ்சம்தான். சாப்பாட்டுக்குக் குறையில்ல. டீச்சர் என்னைத்தான் முதல்ல எழுப்பிக் கேள்வி கேக்கிறா. என்னை நினைச்சுக் கவலைப்படாதீங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா உம்மா. "வேற?"

"வேற ஒண்டுமில்ல."

"மிளகாய்த்தூள், கருவாடு ஒண்டும் வேணும் எண்டு கேக்கல்லியா?"

"அங்க எல்லாம் இருக்காம்."

உம்மாவின் முகம் வாடியது. மகன் தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்ற வாட்டம். மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் கடிதத்தின் அடியில் இரண்டு கோடு போட்டுக் கேட்கப்பட்டிருந்தன. நான் கடதாசியை மடித்து என் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, முத்திரை ஒட்டிய உறையை மட்டும் உம்மாவிடம் கொடுத்தேன். அவ அதை முகர்ந்து பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தா.

வாயால் கூப்பிடும்போது காக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். இதில் அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் போவதற்கு ஆறு மாதம் முந்தி, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நடந்தது இது. எனக்கு அந்த டிசம்பரில் சாதாரண தரச் சோதினை. ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் தெரிந்தாலும் சொல்ல வராது. அதனால் கண்டதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் துணித்துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். உயர்தரச் சோதினையில் காக்கா முதல்தரம் தவறியபோது மூன்று நாள் பாயில் குப்புறக் கிடந்து அழுததை அதில் எழுதியிருந்தேன். பெறுபேறு இன்னும் வரவில்லை என்று சொந்தக்காரருக்கு உம்மாவைக் கொண்டு பொய் சொல்லவைத்ததையும் எழுதியிருந்தேன். ஊசி தேடப்போன அவன் கையில் கொப்பி அகப்பட்டது.

தன்னைப் பற்றிய பக்கத்தை அவன் ஒருவருக்கும் காட்டவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரம் பார்த்து நடு அறைக்குக் கொண்டுவந்து, மழையைப் பற்றி எழுதியிருந்த நாலு வரியை இழுத்து இழுத்து வாசித்தான். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு வாப்பாவைப் பார்த்துச் சொன்னான்: "இதெல்லாம் ரியூசனுக்கு வாற ஒரு பொடியனுக்கு எழுதிக் குடுக்கிறா. நான் கண்ணால கண்டன்."

அப்படி ஒரு பொடியன் இருக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை பேர் முன்னால் எனக்குச் சத்தம் வரவில்லை. வராத சத்தத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். வாப்பா கொப்பியை அடுப்பில் போட்டார். அடுத்த நாளிலிருந்து பள்ளி இல்லை. இரண்டு வாரத்தில் உம்மா என் வெள்ளைச் சீருடையை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்தா. செப்டெம்பரில் அவனுக்கு வைத்தியம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்து, மாஸ்கோவிலிருந்து ஓர் இரவு ரயிலில் போகவேண்டிய ஒரு நகரத்துக்குப் புறப்பட்டபோது, அந்த உறைகளில் ஒன்று அவனுடைய பெட்டிக்குள் போனது.

இப்போது அவனுடைய வாய் என் கையில் இருந்தது. உம்மாவின் வாயும்தான்.

உம்மா சொன்ன பதில்: "மகன், தலைக்கு எண்ணெய் வை. ஐவேளையும் தொழு. ஏலாட்டி ஒரு சொல் எழுது மகன்."

நான் ஏரோகிராம் என்ற நீல விமானக் கடதாசியில் எழுதியது: "மகன், நீ டொக்டராகித்தான் வருவாய் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம். வெறுங்கையோடு வந்து இந்த வாசலில் நிற்காதே. உனக்குக் குளிர் என்றால் மற்றவனுக்கும் குளிர்தான். ஆம்பிளைப் பிள்ளை எழுதுகிற கடிதமா இது?"

கடைசி வரியை இரண்டுதரம் வாசித்துப் பார்த்தேன். நல்ல வரி.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களை நான் கிணற்றடியில் தனியே இருந்து ஒருதரம் வாசிப்பேன். பிறகு உம்மாவுக்கு வேறுவிதமாக வாசிப்பேன். கைலிச் சாரத்தின் மேல் காற்சட்டை, அதற்கு மேல் இன்னொரு காற்சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறானாம். சப்பாத்துக்குள் பனி உருகிக் கால்விரல் மரத்துப்போகிறதாம். ரொட்டிக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்க வேண்டிய சொல் மறந்து, வெறுங்கையோடு திரும்பினானாம். உம்மா பெட்டியில் வைத்த தலையணை உறையில் வீட்டு மணம் இருக்கிறதாம், அதில் முகத்தை வைத்தால்தான் நித்திரை வருகிறதாம். அந்த வரியை வாசித்துவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது வீட்டு மணம் இல்லை. பதினோராம் வகுப்பில் வெயிலில் நடந்துபோன என் முதுகின் வேர்வை.

கடிதம் வந்த செய்தி தெரிந்தால் பக்கத்து வளவுச் சுஹறா மாமி வேலிக் கடப்பால் வந்துவிடுவா. அவவுடைய மகள் நதீரா என்னோடு படித்தவள்.

"என்னகா, டொக்டர் மகன் என்ன எழுதியிருக்கார்?"

"வாசிக்கப்போறா, இருங்க" என்பா உம்மா.

சுஹறா மாமி என்னை ஏற இறங்கப் பார்ப்பா. "எங்கட நதீராக்குச் சோதினைக்கு மனனம் பண்ணி மண்டை வெடிக்குது. அஸீஸாக்கென்ன, சட்டி கழுவுறதுக்குச் சோதினை வைக்கிறதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பேன். அவனுக்கு மூன்று பாடத்தில் முதலாம் இடம் என்று வாசிப்பேன். பெரிய டொக்டர் ஒருவர் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார் என்று வாசிப்பேன். பனியில் சறுக்கி விளையாடுகிறான் என்று வாசிப்பேன். எவ்வளவு உயரத்தில் ஏற்றுகிறேனோ அவ்வளவு உயரத்திலிருந்து ஒருநாள் விழுவான் என்பது என் எண்ணம். சுஹறா மாமியின் கண் விரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவார், அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக்கொடுக்க வேண்டும்.

"நதீராட ஊட்டுக்கு ஓடு போட்டாச்சு" என்பா சுஹறா மாமி, யாரும் கேட்காமலே. "பூச்சு வேலைதான் கிடக்கு. ஆறு வருசம் இருக்கே, ஆறுதலாப் பூசலாம்."

உம்மா மகிழ்ந்துபோய்த் தேத்தண்ணீர் வைக்கச் சொல்லுவா. நான் வைப்பேன்.

இப்படி நோன்பும் வந்து போனது. பெருநாள் முடிந்து மூன்றாவது கிழமை தபால்காரர் சாமித்தம்பி அண்ணன் ஒரு கடிதம் தந்தார். உறையில் வழக்கமான எழுத்து. உள்ளே பிரித்தால், கடதாசி முழுக்க அரபு எழுத்து.

முதலில் அவன் ஏதோ ஓதல் எழுதி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு வரியை மெல்லக் கூட்டி வாசித்தேன். "உம்மா" என்று வந்தது. கடதாசியை அவசரமாக மடித்தேன்.

நான் ஒன்றை மறந்திருந்தேன். உம்மா ஓதப்பள்ளியில் படித்தவ. குர்ஆன் மட்டுமல்ல, அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய கிதாபுகளையும் விரல் வைத்து வாசிப்பா. எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் பலர் அப்படித்தான். ஆனால் அதை ஒருவரும் வாசிப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. "எனக்கு எழுத்துத் தெரியாது" என்று உம்மாவே சொல்லுவா. வாசிக்க மட்டும்தான் தெரியும் அவவுக்கு. எழுதப் பழகவில்லை, பெண்பிள்ளைகளுக்கு யாரும் பழக்கவும் இல்லை. எனக்கு இரண்டும் தெரியும், மெதுவாக.

அவன் எழுதியிருந்தது இதுதான்:

"உம்மா, இதை நீங்களே வாசிக்கணும் எண்டு இந்த எழுத்தில எழுதுறன். என்ட அறையில ஒரு யெமன் நாட்டுப் பொடியன் இருக்கான். நான் எழுதினதை எடுத்துச் சத்தமா வாசிச்சான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல, ஆனா அவன்ட வாயால நம்மட ஊட்டுப் பேச்சு வந்திச்சு. எனக்கு அழுகை வந்திட்டு. ஆறு கடிதத்தில வரவா எண்டு கேட்டன். ஆறுக்கும் வராத எண்டு எழுதினீங்க. எங்கட உம்மா இப்பிடிக் கதைக்கமாட்டா எண்டு மனம் செல்லுது. நோன்பு முழுக்க யோசிச்சன். அஸீஸாவைப் பத்தி வாப்பாட்ட நான் செல்லினது பொய். அப்பிடி ஒரு பொடியன் இல்ல. என்னைப் பத்தி அவள் எழுதிவெச்ச கோபத்தில செல்லினன். அந்தப் பாவம்தான் என்னை இஞ்ச கொண்டுவந்து வதைக்குது. வாப்பாட்ட உண்மையச் செல்லுங்க. என்னை வரச்சொல்லி இந்த எழுத்திலயே பதில் போடுங்க. அப்பதான் உங்கட சொல் எண்டு நம்புவன்."

மூன்று நாள் அந்தக் கடிதத்தை வைத்திருந்தேன். அதை எரித்தால் அவன் அங்கேயே கிடந்து உலர்வான், நான் செய்ததும் ஒருவருக்கும் தெரியவராது. உம்மாவிடம் கொடுத்தால் நான் அகப்படுவேன், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் என் பெயர் துப்புரவாகும். வாப்பா அந்த நடு அறையில், அதே ஆட்களுக்கு முன்னால், இவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுவார். அதை ஒருதரம் கேட்டால் போதும் என்று தோன்றியது. அடி விழுந்தால் விழட்டும்.

நாலாம் நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கொடுத்தேன். உம்மா தொழுத பாயிலேயே இருந்து, வெளிச்சத்துக்குத் திரும்பி, விரலை வைத்து வாசித்தா. உதடு அசைந்துகொண்டே போனது. ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு திரும்பவும் மேலே போய் வாசித்தா. முடிந்ததும் என்னைக் கிட்ட வரச்சொன்னா. போனேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"ஆறு கடிதம். என்ட புள்ள குளிரில கிடந்து அழுதிருக்கு. நீ எனக்குச் சறுக்கி விளையாடுறான் எண்டு வாசிச்சயா?"

"மத்ததையும் வாசிச்சீங்களா?" என்றேன்.

"வாசிச்சன்."

"அப்ப வாப்பாட்டச் செல்லுங்க."

உம்மா கடிதத்தை மடித்தா. மடித்ததை மீண்டும் மடித்தா. "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா.

"பொடியன் ஒருத்தன் இல்லெண்டதா?" என்றேன்.

"நீ எங்க போறாய், ஆரோட கதைக்கிறாய் எண்டு பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் அந்த நேரம் மனமுடைஞ்சு இருந்தான் மகள். நாலுபேருக்கு முன்னால அவனைப் பொய்யன் எண்டு செல்லி என்ன கிடைக்கப்போகுது? நீ பொம்புளப்புள்ள. ஊட்டோட இருந்தா ஒண்டும் குறையாது. முடிஞ்ச கதை. வாப்பாக்கு இது தெரியத் தேவையில்ல."

கன்னம் எரிந்தது. அது ஒரு பெரிய விசயமாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் உம்மா புது ஏரோகிராம் வாங்குவித்தா. வெளி ஆட்களிடம் எழுதக் கொடுக்க முடியாது, மகன் பொய் சொன்ன கதை வெளியே போய்விடும். "நீதான் எழுதணும். இந்த எழுத்தில எழுது. நான் வாசிச்சுப் பாத்துத்தான் ஒட்டுவன்" என்றா. சொல்லச் சொல்ல எழுதினேன். மகன், டிக்கட்டுக்கு வாப்பாவிடம் மெதுவாகக் கதைக்கிறேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வோம். அஸீஸாவின் கதையை விடு, அதை ஒருவருக்கும் எழுதாதே. நீ வா.

உம்மா விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தா. தன் கையாலேயே மடித்து, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டினா. சாமித்தம்பி அண்ணனின் மணி கேட்டதும், "ஓடிக் குடுத்திட்டு வா" என்று என் கையில் தந்து, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலிப் படலைக்குப் போனேன். முக்காட்டுக்குள் இன்னொரு ஏரோகிராம் இருந்தது. அதே நீலம், அதே விலாசம், அதே அரபு எழுத்து. முந்தி வாங்கியதில் மிஞ்சியிருந்த ஒன்றில், அன்று காலை உம்மா குளிக்கப் போன நேரம் எழுதியது. எங்கள் உம்மா எப்படிக் கதைப்பா என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"மகன், உன்ட கடிதத்தை நானே வாசிச்சன். நீ செய்த பொய்யை நீதான் வாப்பாக்குச் செல்லணும். நான் செல்லினா நம்பமாட்டார். தமிழில எழுதி, கடை விலாசத்துக்கு அனுப்பு, அங்கதான் அவர்ட கண்ணாடி இருக்கு. என்ன செல்லினாய், ஏன் செல்லினாய், எல்லாத்தையும் எழுது. அது வந்த பொறகுதான் டிக்கட்டுக் கதை. நான்தான் எழுதச் செல்லினன் எண்டும் போடு. உன்ட உம்மா."

அதைச் சாமித்தம்பி அண்ணனிடம் கொடுத்தேன். மற்றதை மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் கிழித்துப்போட்டேன்.

இரண்டரை மாதம். உம்மா ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தா. நானும் பார்த்தேன், ஆனால் கல்முனைப் பக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னரே வாப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். கண்ணாடி மூக்கில் இருந்தது. வீட்டுக்குள் அவரைக் கண்ணாடியோடு கண்டது எனக்கு அதுதான் முதல்தரம். காரைதீவுச் சந்தியில் ஆமிக்காரர் சோதனைக்கு மறித்தார்களா என்று உம்மா கேட்டா. கடை காரைதீவுப் பக்கமே இல்லை. பயத்தில் ஏதோ கேட்டா.

வாப்பா நடு அறையில் இருந்துகொண்டு கடிதத்தை மடியில் வைத்தார்.

"ஜவாத் எழுதியிருக்கான். அஸீஸாவைப் பத்திச் செல்லினது பொய்யாம்."

உம்மா சுவரைப் பிடித்தா.

"நீதான் எனக்கு எழுதச் செல்லினயாம். மெய்யா?"

உம்மா என்னைப் பார்த்தா. நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இல்லை என்று அவ சொல்லலாம். சொன்னால், அப்போது நீ என்ன எழுதுவித்தாய் என்று வாப்பா கேட்பார். மறைத்துவைக்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டே ஒரு வருசம் வாய் மூடியிருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றா உம்மா. "நான்தான் செல்லினன்."

"நல்லது செய்தாய்" என்றார் வாப்பா. அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. "டிக்கட் கேக்கிறான். டிக்கட் இல்ல. ஆறு வருசமும் இருந்து படிச்சுப்போட்டு வரட்டும். அதுக்கு முந்தி என்ட முகத்தில முழிக்கத் தேவையில்ல."

"அவன் சின்னப்புள்ள..."

"இவள்?"



வாப்பா எழும்பி என் பக்கம் வந்தார். என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கு வெளியால இருந்தும் சோதினை எழுதலாமாம். விண்ணப்பப் பாரம் எடுத்துத் தரவா?"

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ நாள் கற்பனை செய்திருக்கிறேன். ஓடிப்போய் ஓம் என்று சொல்வதாகத்தான் கற்பனை. ஆனால் அவர் காத்து நிற்பதைக் கண்டதும், இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று இருந்தது. அன்று நானும் இப்படித்தான் நின்றேன்.

"யோசிச்சுச் செல்றன் வாப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். நடு அறையில் எல்லாரையும் கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. லுஹருக்குப் போகும் வழியில் சுஹறா மாமியின் படலையில் நின்று ஏதோ சொன்னதை மட்டும் கண்டேன். மறுநாள் மாமி ஒரு கோப்பை வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தா. நான் அதை ஆட்டுக்கு வைத்தேன்.

அன்று பின்னேரம் உம்மா குசினிக்கு வந்தா.

"நான் செல்லாததை எழுதியிருக்காய்."

"ஓம்."

"அவனுக்கு அங்க ஒண்டு கிடக்க ஒண்டு ஆகிட்டா?"

"ஆகாது. உருளைக்கிழங்கு திண்டுக்கிட்டு இருப்பார்."

"மத்தக் கடிதமெல்லாம் எங்க?"

"இருக்கு. எடுத்து வாப்பாட்டக் குடுக்கவா?"

உம்மா அகப்பையைக் கீழே வைத்தா. இவளை நான்தான் பெற்றேனா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனா. அதன்பிறகு கடிதம் எழுத என்னைக் கூப்பிடவில்லை. நதீரா வந்தாள். வரப்போகும் மாப்பிள்ளைக்கு உம்மாவின் பெயரில் தன் மகள் எழுதுவதில் சுஹறா மாமிக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. நதீரா வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, சுகம், சுகமறிய ஆவல், துஆச் செய்கிறோம் என்று எழுதுவாள். வருகிற பதில்களையும் அவள்தான் வாசிப்பாள். மிளகாய்த்தூளும் கருவாடும் அனுப்பப்பட்டன. நான் அடுத்த அறையில் தையல் மெசின் மிதித்துக்கொண்டு கேட்டேன். அவன் பெரிய சப்பாத்து வாங்கிவிட்டான். மொழிச் சோதினையில் தேறிவிட்டான். யெமன்காரனும் இவனும் சேர்ந்து கோழியைத் தாங்களே அறுத்துச் சமைக்கிறார்களாம். ரொட்டிக் கடைக்காரி இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம்.

அவனுக்கு அந்த இடம் பழகிக்கொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாரி தொடங்கிய நேரம் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. "அஸீஸாவுக்கு" என்று தொடங்கியது. மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தான், இரண்டு வரியில். பிறகு எழுதியிருந்தான்:

"உம்மாவுடைய கடிதங்கள் இப்போது வேறு மாதிரி வருகின்றன. உப்பில்லாமல் இருக்கின்றன. முந்தி வந்ததெல்லாம் நீ எழுதியது என்று விளங்கிவிட்டது. எனக்குக் கோபம் இல்லை. அவற்றை எத்தனை தரம் வாசித்திருப்பேன் தெரியுமா? வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்காதே என்று நீ எழுதியதைச் சொல்லிச் சொல்லித்தான் விடிய எழும்பி வகுப்புக்குப் போனேன். ஏசியாவது எழுது. விடுதியின் கீழ்மாடியில் கடிதம் வைக்கிற தட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன்."

நான் எழுதியதற்கு அதுவரை ஒருவரும் நல்ல சொல் சொன்னதில்லை. அதையும் அவன்தான் சொல்லவேண்டியிருந்தது. வாசித்த அந்த நிமிசத்திலேயே பதில் வரிகள் வரிசையாக வந்தன. எல்லாம் நல்ல வரிகள். ஒன்றையும் எழுதவில்லை.

மாதம் ஒன்று என்று இன்னும் இரண்டு வந்தன. அவன் எழுத்து நீளமாகிக்கொண்டே போனது. பதில் இல்லாத இடத்துக்குத் தொடர்ந்து எழுத வேண்டுமென்றால் மனிதன் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, அது எனக்குத் தெரியும். நாலாவது வந்தபோது நான் உறையைக் கிழிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பிய சாமித்தம்பி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணன், இதைத் திருப்பி அனுப்ப ஏலுமா?"

அவர் விலாசத்தைப் பார்த்தார். "ருசியாவுக்கா? ஆள் இல்லாட்டித்தான் திருப்பலாம் தங்கச்சி."

"ஆள் இல்லெண்டு எழுதுங்க."

"இந்தத் தெருவில இருபது வருசமாக் கடிதம் குடுக்கிறன். ஆளே முன்னுக்கு வந்து நிண்டு ஆள் இல்லெண்டு எழுதச் சொன்னது இதுதான் முதல்." அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "வேணாம் எண்டா, வாங்க மறுப்பு எண்டு எழுதலாம். அதுக்கு நீங்க கையெழுத்து வைக்கணும்."

பையிலிருந்து பேனையை எடுத்துத் தந்தார். நான் உறையைச் சைக்கிள் சீட்டில் வைத்து, வாங்க மறுக்கிறேன் என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். அதைத் தமிழிலேயே எழுதினேன். ருசியாவுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், என் பெயரில் போவது அது ஒன்றுதான்.

சாமித்தம்பி அண்ணன் மை காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கட தமையன்ட எழுத்தெல்லோ இது. கண்டா மனம் நோகாதா?"

"நோகும்" என்று சொல்லிப் பேனையை மூடிக் கொடுத்தேன்.